பெரட்டு மணி ஓய்ந்த பிறகு: பெரியவர்களின் ஏ.டி.எச்.டி. பற்றி ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளிவந்த ஒரு கடிதத்தில், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு – மிகை இயக்கக் குறைபாடு பெரியவர்களுக்கும் உண்டு என்று பேசுவதெல்லாம் இக்காலத்துச் சொகுசு என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த நம் பெற்றோர் விடியுமுன் எழுந்து மரத்தடியில் போய் நின்றார்களே, அவர்களில் யாருக்கு இந்த நோய் இருந்தது என்றும் கேட்டிருந்தார். அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு நேரான விடையும் உண்டு. அந்த விடையைப் பிடித்துக்கொண்டு போனால் இக்குறைபாட்டோடு அன்றாடம் வாழ்வதற்கான வழிகளும் புலப்படும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனை ஆலையின் அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை செய்கிறேன். மகனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது அவர் அடுக்கிய கேள்விகளில் பாதிக்கு மேல் மகனைவிட எனக்கே பொருந்தின. பிறகு எனக்கும் முறையான மதிப்பீடு நடந்து, நாற்பதை நெருங்கிய வயதில் என் பிரச்சினைக்கு ஒரு பெயர் கிடைத்தது. இப்படிப் பிள்ளையின் வழியாகப் பெற்றோர் தம்மைக் கண்டுகொள்வது மருத்துவர்களுக்குப் பழக்கமான கதைதான். இக்குறைபாட்டில் மரபின் பங்கு ஏறத்தாழ 74 விழுக்காடு என்று குடும்ப ஆய்வுகளும் இரட்டையர் ஆய்வுகளும் மதிப்பிட்டிருக்கின்றன. பெண்களிடம் இது பெரும்பாலும் ஓட்டமும் குதியுமாக வெளிப்படுவதில்லை. கனவில் மிதப்பதாகவும், சொன்னதை மறப்பதாகவும், எதையும் பாதியில் விடுவதாகவும் வெளிப்படுகிறது. அதனால் பள்ளிப் பருவத்தில் யாரும் ஐயப்படுவதில்லை. 'புத்திசாலிதான், ஆனால் பொறுப்பில்லை' என்ற ஒரு வரியோடு மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வந்துவிடும்.

இது கைத்தொலைபேசி கொண்டுவந்த நோயும் அன்று. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன், கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த இயலாதவர்களைப் பற்றி 1798-ஆம் ஆண்டிலேயே தம் நூலில் எழுதியிருக்கிறார். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையேதும் இல்லாமலே தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத சிறுவர்களைப் பற்றி லண்டனில் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பலருக்கு வெளியே தெரியும் துறுதுறுப்பு குறைகிறதே தவிர, உள்ளே இருக்கும் பரபரப்பும் மறதியும் நேரக் குழப்பமும் தொடர்கின்றன. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறை பெரியவர்களையும் தெளிவாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதன்படி அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, வேலையிடம் என்று குறைந்தது இரண்டு சூழல்களிலாவது காணப்பட வேண்டும். வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். எனவே 'எல்லாருக்கும்தான் சாவி மறக்கிறது' என்ற வாதம் இங்கே செல்லாது. எல்லாருக்கும் தலை வலிக்கிறது. அதற்காக ஒற்றைத் தலைவலி என்ற நோயே இல்லை என்று நாம் சொல்வதில்லை.

இனி அன்பரின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்துத் தோட்டத்தில் தொழிலாளி நேரத்தைத் தன் தலைக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய தேவையே இருக்கவில்லை. இருட்டு விலகுமுன் மணி அடிக்கும். எழாதவர் வீட்டுக் கதவைக் கங்காணி வந்து தட்டுவார். ஆட்கள் கூடி வருகை கொடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வராதவருக்கு அன்று பேர் இல்லை, அதாவது கூலி இல்லை. எந்த நிரையில் எத்தனை மரம் என்பது அவரவருக்கு முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. மரத்துக்கு மரம் நடந்து வெட்டிக்கொண்டு போனால் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க இடமில்லை; வெட்டாத மரம் கண்ணெதிரே நிற்கும். பால் உறைவதற்குள் எடுக்க வேண்டும், எடுத்ததை நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற கெடுவை மரமே விதித்தது. கைக்குழந்தையை ஆயாக்கொட்டகை பார்த்துக்கொண்டது. மளிகைக் கணக்கைக் கடைக்காரர் தம்முடைய '555' என்ற சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொண்டு, சம்பள நாளில் கழித்துக்கொண்டார். நேரம், திட்டம், நினைவு, கணக்கு ஆகிய நான்கையும் தோட்டம் என்ற ஏற்பாடே சுமந்தது. உடம்பும் நாள் முழுதும் அசைந்துகொண்டே இருந்தது. கவனம் சிதறும் தன்மையுள்ள ஒருவர் அந்த ஏற்பாட்டுக்குள் பிறர் கண்ணில் படாமலே வாழ்ந்து முடித்திருக்கலாம்.

அந்த வாழ்க்கையை நான் புகழ்வதாக யாரும் எண்ண வேண்டாம். அது யாருடைய இலாபத்துக்காக அமைக்கப்பட்ட ஒழுங்கு என்பதையும், அதன் விலை என்ன என்பதையும் என் தாயாரின் முழங்கால்களே சொல்லும். மேலும், அந்த ஏற்பாட்டுக்குள்ளும் அடங்காதவர்கள் இருந்தார்கள். உளியை எந்த மரத்தடியில் வைத்தோம் என்று தேடியவர்கள், மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் வாய்ச்சண்டை போட்டு வேலையை இழந்தவர்கள், ஒரு தோட்டத்தில் ஓராண்டுகூடத் தங்காதவர்கள், கடைசியில் சம்சு என்ற மலிவுச் சாராயத்தில் போய் விழுந்தவர்கள் ஆகியோரைப் பற்றித் தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் கதைகள் தெரியும். அவர்களுக்கெல்லாம் இக்குறைபாடு இருந்தது என்று, இறந்தவர்களுக்கு மருத்துவம் பார்க்க நான் வரவில்லை. ஆனால் யாருக்குமே இல்லை என்று அடித்துச் சொல்வதற்கும் நம்மிடம் ஆதாரம் கிடையாது.

இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர்கள் பெரும்பாலும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்துவிட்டோம். மணி அடிக்க ஆளில்லை. மின்கட்டணம், வீட்டுக் கடன், வாகனக் காப்புறுதி, சாலை வரி, பிள்ளையின் பள்ளிப் படிவம், ஏப்ரல் மாதத்து வருமான வரிக் கணக்கு என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு செயலியில், வெவ்வேறு மறைச்சொல்லோடு வந்து நிற்கிறது. முன்பு ஓர் அமைப்பு செய்த வேலையை இப்போது ஒவ்வொருவரும் தன் மூளையின் முன்பகுதியைக் கொண்டே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. எங்களுக்கு இடறும் பகுதியும் அதுதான். திட்டமிடுதல், தொடங்குதல், பாதியில் விடாமல் முடித்தல், ஆசையை ஒத்திப்போடுதல் ஆகியவற்றைக் கவனிக்கும் நரம்புத் தொடர்புகளும், டோபமின், நோரட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களின் வேலையும் இக்குறைபாடு உள்ளவர்களிடம் மாறுபட்டிருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கவனமே இல்லை என்பது சரியான விவரிப்பும் அன்று. பிடித்த வேலையில் மூழ்கினால் பசியாறக்கூட மறந்துபோகும் அளவுக்குக் கவனம் இருக்கும். நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் அதைத் திருப்ப முடிவதில்லை என்பதே சிக்கல்.

இத்துறையில் பல்லாண்டு உழைத்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி வலியுறுத்தும் கருத்து ஒன்று எனக்கு மிகவும் உதவியது. என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை உரிய இடத்தில், உரிய நேரத்தில் செய்வதுதான் கைகூடுவதில்லை. ஆகவே அறிவுரையால் பயனில்லை; செயல் நடக்கும் இடத்திலேயே உதவியை வைக்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். அவரைக்கொடிக்குப் பந்தல் போடுகிறோம். நிமிர்ந்து நிற்க வக்கில்லாத கொடி என்று அதை யாரும் திட்டுவதில்லை. பெரியவர் ஒருவர் சுவரில் சீட்டு ஒட்டிவைத்தால் மட்டும் ஏனோ நமக்குச் சிரிப்பு வருகிறது.

எங்கள் வீட்டு முன்கதவை ஒட்டிய சுவரில், தாழ்ப்பாள் உயரத்தில், ஓர் ஆணி அடித்திருக்கிறேன். வீட்டுச் சாவியும் மோட்டார் சாவியும் ஒரே வளையத்தில் அதில் தொங்கும். அதன் கீழே பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய மூடியில்லாத நெகிழிக் கூடை ஒன்று உண்டு; பணப்பை, அலுவலக அட்டை, மூக்குக்கண்ணாடி ஆகிய மூன்றும் உள்ளே நுழைந்த கையோடு அதில் விழுந்துவிடும். கூடைக்கு மூடி வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மூடியைத் திறக்கும் ஒரு வேலை கூடினாலும் பொருள் மேசையில் போய் உட்கார்ந்துவிடும். மேசையில் உட்கார்ந்த பொருள் காலையில் காணாமற்போகும். மறுநாள் கொண்டுபோக வேண்டியது எதுவானாலும், அது பள்ளிப் படிவமாக இருந்தாலும் கோவிலுக்குத் தர வேண்டிய எண்ணெய்ப் போத்தலாக இருந்தாலும், இரவே கதவின் குறுக்கே தரையில் வைத்துவிடுகிறேன். காலில் இடறாமல் யாரும் வெளியே போக முடியாது. வாசற்படிக்கு நேரே இப்படிப் பொருள் கிடக்கலாமா என்று விருந்தினர் முகம் சுளிப்பார்கள்; சுளித்துவிட்டுப் போகட்டும்.

கண்ணுக்கு மறைந்தது எங்கள் நினைவுக்கும் மறைந்துவிடும் என்பதால், வீட்டில் இழுப்பறைகளைக் குறைத்துவிட்டேன். குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் கீரையை வைத்தால் அது அழுகிய பிறகுதான் நினைவுக்கு வரும். இப்போது கீரையும் முந்தைய நாள் குழம்பும் கண்ணாடிப் பாத்திரத்தில் நடுத்தட்டில் இருக்கின்றன, சட்டினிப் போத்தல்கள் கீழே போய்விட்டன. கடிதம், கட்டணச் சீட்டு, மருத்துவமனைத் தேதி அட்டை எல்லாம் உள்ளே இருப்பது தெரியும் ஒரே பெட்டிக்குள் போகின்றன. கோப்பு வாரியாகப் பிரித்து அடுக்கும் அழகான முறைகளை இணையத்தில் காட்டுகிறார்கள். அவை அடுக்கிவைப்பதில் இன்பம் காண்பவர்களுக்கு உரியவை.

அடுத்தது நேரம். இக்குறைபாடு உள்ள பலருக்கு 'இப்போது', 'இப்போது இல்லை' என்ற இரண்டு நேரங்கள்தாம் உண்டு; ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று உள்ளிருந்து உணர முடிவதில்லை. அதனால் நேரத்தைக் கண்ணால் பார்க்கும்படி வைக்க வேண்டும். இதற்கு முள் உள்ள கடிகாரமே சிறந்தது. எண் மட்டும் காட்டும் கடிகாரத்தில் மிச்ச நேரம் தெரியாது, முள் நகரும் கடிகாரத்தில் தெரியும். குளியலறையிலும் ஒன்று மாட்டியிருக்கிறோம். கைத்தொலைபேசியில் வெறும் மணியோசை மட்டும் வைத்தால், எதற்காக அடித்தது என்று தெரியாமலே அணைத்துவிடுவோம். ஆகவே ஒவ்வொரு மணிக்கும் செய்ய வேண்டிய செயலையே பெயராகக் கொடுத்துவிடலாம். காலையில் எனக்கு இரண்டு மணிகள் அடிக்கும். முதலாவது 'கையில் இருப்பதைக் கீழே வை' என்று சொல்லும். இரண்டாவது 'மோட்டாரை எடு' என்று சொல்லும். புறப்படும் நேரத்துக்கு மட்டும் மணி வைத்து ஏமாறுகிறவர்கள் இந்த முதல் மணியை வைத்துப் பார்க்கலாம். மணி அடித்தால் எழுந்து நின்ற பிறகே அணைப்பது என்ற வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தபடி அணைத்த மணிக்கு மதிப்பில்லை.

குறிப்பெடுக்கும் கருவி எது என்று பலர் கேட்கிறார்கள். நினைவூட்டும் செயலிகள் பலவற்றைப் பயன்படுத்திப் பார்த்தவர்களின் பொதுவான அனுபவம், புதுமை இருக்கும் வரையில்தான் அவை வேலை செய்கின்றன என்பதே. என் சட்டைப் பையில் இருப்பது அதே பழைய 555 சிறு புத்தகம்தான். மளிகைக் கடையில் கடன் எழுதுவதற்கென்றே பிறந்ததுபோல் நாம் நினைக்கும் அந்தப் புத்தகம், பையில் அடங்கும், மின்னூட்டம் கேட்காது, திறந்தால் வேறு செய்தி எதுவும் வந்து இழுக்காது. வேலையின் நடுவே வேறொரு நினைப்பு வந்தால் அதன் பின்னால் ஓடாமல் ஒரு வரி எழுதிவிட்டு, கையில் உள்ள வேலைக்குத் திரும்ப வேண்டும். இக்குறைபாட்டுக்கென வடிவமைக்கப்பட்ட, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் அறிதல் – நடத்தைச் சிகிச்சையிலும் இதைப் பயிற்றுவிக்கிறார்கள். அதே சிகிச்சை வற்புறுத்தும் இன்னொன்று, நாட்காட்டி ஒன்றே இருக்க வேண்டும் என்பது. எங்களுக்கு அது சமையலறைச் சுவரில் தொங்கும் பெரிய கட்டம் போட்ட மாத நாட்காட்டி. கணவர் நீலம், நான் சிவப்பு, மகன் பச்சை. வாயால் சொன்னது சொன்னதாக ஆகாது, கட்டத்தில் எழுதினால்தான் சொன்னதாகும் என்று வீட்டில் உடன்பாடு செய்துகொண்டோம். இந்த ஓர் உடன்பாடு எத்தனையோ சண்டைகளைத் தவிர்த்திருக்கிறது.

தொடங்க முடியாமல் தவிப்பதை வெளியார் சோம்பல் என்றே காண்பார்கள். சோம்பேறிக்கு வேலை செய்யாதிருப்பதில் சுகம் உண்டு. எங்களுக்கு அந்தச் சுகமும் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி, செய்ய வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும், கை எழாது. இதற்குக் கைகொடுப்பது முதல் அடியைச் சிரிப்பு வரும் அளவுக்குச் சிறிதாக்குவது. 'வீட்டைச் சுத்தம் செய்' என்பது வேலையின் பெயர் அன்று, ஒரு மலையின் பெயர். 'மேசையில் உள்ள கோப்பைகளைத் தொட்டியில் போடு' என்றால் கை எழும். 25 நிமிடம் வேலை, பிறகு சிறு ஓய்வு என்ற முறையை இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரிலோ 1980-களின் பிற்பகுதியில், தக்காளி வடிவச் சமையல் கடிகாரத்தைக் கொண்டு வகுத்தார். சிலருக்கு 25 நிமிடமே நீளம். அவர்கள் பத்தில் தொடங்கலாம். 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பது நல்ல தீர்மானத்தைவிட வலிமையானது என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இருந்தே ஆய்ந்து எழுதி வந்திருக்கிறார். நம் வீடுகளில் இதற்குத் தோதான நிகழ்ச்சிகள் ஏற்கெனவே உண்டு. மாலையில் விளக்கேற்றியதும் மறுநாள் பையைச் சரிபார்ப்பது என்று வைத்துக்கொண்டால், விளக்கே நினைவூட்டிவிடும்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பெரிய துணையாக இருப்பது மற்றோர் ஆள் பக்கத்தில் இருப்பது. உதவி செய்ய வேண்டியதில்லை, மேற்பார்வை பார்க்க வேண்டியதில்லை, பேசக்கூட வேண்டியதில்லை. வியாழக்கிழமை இரவுகளில் பக்கத்து வீட்டு அக்கா, வெள்ளிக்கிழமைப் பூசைக்கான பூக்களைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் மேசையில் கட்டணச் சீட்டுகளைப் பரப்புவேன். அவர் பாயில் உட்கார்ந்து வாழைநாரை நனைத்துப் பூக்கட்டத் தொடங்குவார். நான் நடுவில் எழுந்து சமையலறைப் பக்கம் போனால், தலையை நிமிர்த்தாமலே "என்னா, முடிஞ்சிருச்சா?" என்பார். அவ்வளவுதான், திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவேன். சரம் முடியும்போது மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் முடிந்திருக்கும். இது ஏன் வேலை செய்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. எப்படியாயினும், தீபாவளிக்கு முன் பெண்கள் கூடி முறுக்குச் சுற்றிய வழக்கம் இருந்த ஊரில் இதற்கு ஆள் கிடைப்பது கடினமில்லை. தனியாக இருப்பவர்கள் காணொளி அழைப்பில்கூட இப்படிச் சேர்ந்து உட்காருகிறார்கள்.

அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பாலையோ எண்ணெயையோ அடுப்பில் வைத்துவிட்டு வேறிடம் போகிறவர்கள், சமையல் நேரங்காட்டி ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். சமையலறையிலேயே வைத்துவிட்டு வந்தால் அது யாருக்கோ அடித்துக்கொண்டிருக்கும். தானாக அணையும் சோற்றுப்பானையும் நீர்க்கேத்தலும் சொகுசுப் பொருள்கள் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். சாலையிலும் எச்சரிக்கை தேவை. இக்குறைபாடு உள்ளவர்களுக்கு வாகன விபத்து அபாயம் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கைத்தொலைபேசி மோட்டார் இருக்கையின் அடியில் பூட்டப்பட்டிருப்பதே நல்லது.

பணம் இன்னொரு பள்ளம். சம்பளம் வந்த அன்றே வீட்டுக் கடனும் சேமிப்பும் தானாகக் கழியும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டால், மிச்சம் இருப்பது மட்டுமே நம் பணம் என்றாகிவிடும். இணைய அங்காடியில் வங்கி அட்டை எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் எழுந்து போய் அட்டையை எடுத்து எண்ணை அடிக்க வேண்டியிருந்தால், பாதி ஆசைகள் வழியிலேயே அடங்கிவிடும். நம் பெண்களில் பலர் கூத்து, அதாவது பலர் சேர்ந்து மாதந்தோறும் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டு, கட்டுவதும் சேமிப்புக்காகத்தான். மாதந்தோறும் ஒருவர் வந்து கதவைத் தட்டிக் கேட்பதால் சேமிப்பு நடக்கிறது. அந்தத் தேவை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆயினும் கூத்து நடத்துவதை இந்நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கதவைத் தட்டும் வேலையை வங்கியின் தானியங்கிக் கழிவுக்கே கொடுத்துவிடலாம்.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எங்களில் பலருக்கு இரவு தாமதமாகத்தான் உறக்கம் வரும், தூக்கம் கெட்டால் மறுநாள் எல்லாமே கெடும். தொலைபேசிக்கு மின்னூட்டும் கம்பி படுக்கையறையில் இருக்கக் கூடாது.

வேலையிடத்தில் நான் கேட்டுப் பெற்றது சிறு சலுகைதான். ஆலைக்குக் குலை ஏற்றி வரும் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நேரத்தில், ஓட்டுநர் ஒரு சேதி சொல்வார், மேற்பார்வையாளர் ஒரு சேதி சொல்வார், தொலைபேசி அடிக்கும். வாய்வழி வரும் கட்டளைகளைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு வரியாகவும் அனுப்பிவிடும்படி மேலாளரிடம் கேட்டுக்கொண்டேன். காரணத்தைச் சொல்லவில்லை, பதிவு இருந்தால் இருவருக்கும் நல்லது என்று மட்டும் சொன்னேன். நோயின் பெயரை வேலையிடத்தில் சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. சொல்லாமலே கேட்டுப் பெறக்கூடிய வசதிகள் நிறைய உண்டு என்பதைத்தான் குறிப்பிட விரும்புகிறேன். ஒரு லோரியின் எடைச்சீட்டில் கையொப்பம் விழும் வரை அடுத்த சீட்டைத் தொடுவதில்லை என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. ஓட்டுநர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டார்கள்.

இத்தனை உத்திகளும் மருத்துவத்துக்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இக்குறைபாட்டுக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் என்ற மருந்து 1944-இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. 1950-களில் இருந்து புழக்கத்தில் உள்ளது. அட்டோமோக்சிட்டின் என்ற வேறு வகை மருந்தும் உண்டு. இவை பலருக்கு நல்ல பலன் தருகின்றன. பசி குறைதல், தூக்கம் தள்ளிப்போதல், நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடுதல் போன்ற பக்க விளைவுகள் இருக்கலாம் என்பதால் மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம். மெத்தில்பெனிடேட் நம் நாட்டில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. உறவினருக்குக் கொடுத்த மாத்திரையை நாமும் விழுங்கிப் பார்ப்பது ஆபத்து, சட்டப்படியும் குற்றமாகலாம். மருந்து கவனத்தைத் தரும்; அந்தக் கவனம் எங்கே போக வேண்டும் என்பதை ஆணியும் நாட்காட்டியும்தான் காட்ட வேண்டும். தைராய்டுக் கோளாறு, இரத்தச்சோகை, மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் கோளாறு ஆகியவையும் இதேபோன்ற அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால், இணையத்தில் காணும் வினாத்தாளை நிரப்பிவிட்டுத் தாமே முடிவுக்கு வருவதும் தவறு. உலகச் சுகாதார அமைப்பு வெளியிட்ட பெரியவர்களுக்கான வினாத்தாள்கூட, மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று சொல்லுமே தவிர நோயை உறுதி செய்யாது.

வழி மிகவும் எளிது. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி மருத்துவரைப் பார்த்து, நிலைமையைச் சொல்லிப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். அரசாங்க மருத்துவமனையின் உளநல மருத்துவரைக் குடிமக்கள் 5 வெள்ளிக் கட்டணத்தில் பார்க்கலாம். காத்திருக்கும் காலம் நீளமாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சிறுவயது மதிப்பெண் அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். உங்களைச் சிறுவயதில் அறிந்த அம்மாவையோ அண்ணனையோ அழைத்துச் சென்றால் இன்னும் நல்லது. சொல்ல வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவரின் முன் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும்.

ஆனால் நம்மவர்களின் கால்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பேராக்கில் வளர்ந்தவர்களுக்குக் காரணம் தெரியும். 1911-இல் தொடங்கப்பட்டு இன்று பஹாகியா உலு கிந்தா என்று பெயர் தாங்கி நிற்கும் மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊரின் பெயரையே நாம் ஒரு வசைச்சொல்லாக்கிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்கூட அந்த ஊரின் பெயரைச் சொல்லிக் கேலி செய்வார்கள். உளநல மருத்துவர் என்றாலே அந்த நினைப்பு வந்துவிடுகிறது. கயிறு கட்டுவதற்கும் சாதகம் பார்ப்பதற்கும் செலவழிக்கும் குடும்பங்கள் 5 வெள்ளி வைத்தியத்துக்குத் தயங்குவது இதனால்தான். கோவிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. போய்விட்டு மருத்துவமனைக்கும் போகலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் கணவர் லோரி ஓட்டுபவர். நாள் முழுதும் சாலையைப் பார்த்து ஓய்ந்து வருபவர். அவருக்கும் சலிப்பு உண்டு, அந்தச் சலிப்பில் நியாயமும் உண்டு. 'மறந்தேன்' என்ற சொல்லைப் பத்துப் பதினைந்து ஆண்டு கேட்ட ஒருவருக்கு 'உனக்கு நான் முக்கியமில்லை' என்று கேட்பது இயல்பே. நோயின் பெயர் தெரிந்ததால் எங்கள் பொறுப்பு குறையவில்லை. யார் எதைப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ள வசதியாயிற்று. தேதி தவறக் கூடாத வேலைகளை அவர் எடுத்துக்கொண்டார். திடீரென்று தலைக்கு மேல் வந்து விழும் வேலைகளை நான் எடுத்துக்கொண்டேன். ஆபத்து வேளையில் எங்களைப்போன்றவர்களுக்குத் தலை தெளிவாக வேலை செய்வதும் உண்டு. துணைவர் கண்காணியாக மாறி நாள் முழுதும் நினைவூட்டிக்கொண்டே இருப்பது இருவருக்கும் கேடு; அந்த வேலையைச் சுவரும் மணியும் செய்யட்டும்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். சுகாதார அமைச்சு சிறுவர், பதின்ம வயதினரின் ஏ.டி.எச்.டி.-க்கான மருத்துவ வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பை 2020-இல் வெளியிட்டிருக்கிறது. அதன் சாரத்தை, பெற்றோருக்குப் புரியும் எளிய தமிழில், தங்கள் ஞாயிறு பதிப்பில் தொடராக வெளியிட இயலுமா என்று கருதிப் பார்க்க வேண்டும். பெரியவர்களைப் பற்றித் தமிழ் அறிந்த உளநல மருத்துவர் ஒருவரிடம் கேள்வி – பதில் பகுதி ஒன்றும் வாங்கி வெளியிட்டால், தோட்டத்துப் பட்டணங்களில் உள்ள எத்தனையோ பேருக்கு அது முதல் தகவலாக இருக்கும். கிளினிக்குகளில் நீரிழிவுக்கும் டிங்கிக் காய்ச்சலுக்கும் தமிழில் துண்டறிக்கை கிடைக்கிறபோது, இதற்கும் ஒன்று வேண்டும் என்று அமைச்சைக் கேட்க ஒரு நாளிதழுக்கு உரிமை உண்டு. அப்படி ஒரு பக்கம் வெளிவந்தால், அதை வெட்டி எங்கள் ஆலையின் எடைமேடைச் சன்னலில், ஓட்டுநர்கள் சீட்டுக்காகக் காத்து நிற்கும் இடத்தில் ஒட்டிவைப்பதாக மேலாளரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்ட நாள் வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.